சார்பட்டா காட்டாமல் விட்ட காயம்

ராஜபாளையத்துக்கு அருகே சத்திரப்பட்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. மருத்துவமனைகளில் காயத்தின் மேல் சுற்றுகிறார்களே வெள்ளைத் துணி, அது பெருமளவில் நெய்யப்படும் ஊர்களில் இது ஒன்று. இங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரையிலும் பொங்கல் சமயத்தில் ஊருக்கு ஊர் கபடிப் போட்டி நடக்கும். முழங்காலில் ரத்தம் கசிய வெளியே வரும் பையனுக்கு அந்தத் துணியில் ஒரு முழம் கிழித்துக் கட்டி, மறுபடியும் களத்துக்குள் அனுப்பி விடுவார்கள். கண்ணுக்குத் தெரிகிற காயத்துக்குக் கட்டுப் போடலாம். ஆனால் விளையாட்டில் ஏற்படும் காயங்களில் கட்டுப் போட முடியாத ஒன்றும் உண்டு. அதைப் பற்றி என்னை எழுதத் தூண்டியது ஒரு திரைப்படம்.

பா. ரஞ்சித் இயக்கத்தில் 2021ஆம் ஆண்டு வெளியான 'சார்பட்டா பரம்பரை'யை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1970களின் வடசென்னையில் கதை நடக்கிறது. துறைமுகத்தில் உழைக்கும் மக்கள் குத்துச்சண்டையைத் தங்கள் மானமாகவே போற்றிய வரலாற்றை அந்தப் படம் உயிரோடு எழுப்பிக் காட்டியது. டான்சிங் ரோஸின் கால்வீச்சை யாரால் மறக்க முடியும்? படத்தின் சிறப்பை நான் குறைத்துப் பேச வரவில்லை. ஆயினும் விஞ்ஞானம் படிக்கும் நாம் அதனிடம் ஒரு கேள்வி கேட்கலாம். இந்தக் கபிலனுக்கு அறுபது வயதாகும்போது என்ன ஆகும்?

கபிலனின் தாய் பாக்கியம் குத்துச்சண்டையை வெறுக்கிறாள். விளக்குமாற்றால் மகனை அடிக்கவும் செய்கிறாள். அந்த ஆட்டம் தன் கணவனை அடிதடிக்கு இழுத்துச் சென்று உயிரையும் பறித்தது என்பதுதான் அவளுடைய பயம். அது நியாயமான பயமே. ஆனால் தலையில் விழும் குத்துகளைப் பற்றிப் படத்தில் எவருமே பயப்படவில்லை. பழைய வீரர்கள் பலர் வருகிறார்கள். குத்து வாங்கி வாங்கி நாக்குக் குழறி, நினைவு தடுமாறிப் போனவர் என்று அவர்களில் ஒருவரும் இல்லை. கபிலனின் உடல் கெடுகிறது. அதற்குச் சாராயம் காரணமாகிறது. சாராயத்தை விட்டுக் கடற்கரையில் ஓடினால் உடல் திரும்பிவிடுகிறது. தசை அப்படித் திரும்பும், உண்மைதான். செத்துப்போன நரம்பணு திரும்பாது.

"அந்தக் காலத்துக் கதையில் இந்தக் காலத்து மருத்துவத்தைத் தேடலாமா?" என்று நீங்கள் கேட்கக்கூடும். இது பழைய செய்திதான். அமெரிக்காவில் மார்ட்லண்ட் என்ற நோய்க்கூற்று மருத்துவர் 1928ஆம் ஆண்டிலேயே, குடிகாரரைப்போலத் தள்ளாடும் குத்துச்சண்டை வீரர்களைப் பற்றி எழுதிவிட்டார். 1973இல் இங்கிலாந்தில் கார்செல்லிஸும் அவருடைய குழுவினரும், ஓய்வு பெற்று இறந்த 15 வீரர்களின் மூளைகளை ஆராய்ந்து சிதைவுகளை விவரித்தார்கள். படத்தின் கதை நடக்கும் காலமும் ஏறத்தாழ அதுவே.

அந்தச் சிதைவு எப்படி ஏற்படுகிறது? ஒரு தூக்குவாளியில் தயிர் எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறுங்கள். ராஜபாளையம் போய்ச் சேருவதற்குள் ஓட்டுநர் பத்துத் தடவை சடாரென்று பிரேக் போட்டால் என்னவாகும்? வாளியில் ஒரு கீறல்கூட இராது. உள்ளே தயிர் உடைந்து தண்ணீர் விட்டிருக்கும். மண்டையோடு வாளி, மூளை தயிர். தாடையில் பக்கவாட்டாக விழும் குத்து தலையைச் சுழற்றுகிறது. அப்போது மூளையின் நீண்ட நரம்பிழைகள் முறுக்கி இழுபடுகின்றன. அந்த இழைகளுக்குள்ளே சத்துப்பொருள்களைக் கொண்டு செல்லும் நுண்குழாய்கள் உண்டு. குழாய்களைக் குலையாமல் நிறுத்தி வைப்பது 'டாவ்' என்னும் புரதம். இழை சேதமுற்றால் இந்தப் புரதம் கழன்று, திரண்டு, முடிச்சு முடிச்சாகத் தங்கிவிடுகிறது. மூளை மடிப்புகளின் ஆழத்தில், சிறு ரத்தக் குழாய்களைச் சுற்றி இம்முடிச்சுகள் முதலில் தோன்றுகின்றன. ஆட்டத்தை விட்டுப் பல ஆண்டுகள் ஆன பிறகே மறதியும் கோபமும் தடுமாற்றமும் தலைகாட்டும். மயங்கி விழச் செய்யும் பெரிய அடி மட்டுமே இதற்குக் காரணம் என்று எண்ணிவிடாதீர்கள். மயக்கம் தராத சிறு அடிகள் ஆண்டுக்கணக்கில் சேர்வதே முக்கியம். தலைக்கவசம் தோல் கிழியாமலும் எலும்பு உடையாமலும் காக்கும். தயிர் குலுங்குவதை அது தடுத்துவிடாது.

இதற்குச் சென்னை நகரமே சாட்சி சொல்லும். 1980 ஜனவரியில் முகமது அலி சென்னைக்கு வந்தார். நேரு விளையாட்டரங்கில், முன்னாள் உலகப் பட்டதாரியான ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். மக்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். நான்கே ஆண்டுகளில், 1984இல், அலிக்குப் பார்க்கின்சன் நோய் என்று மருத்துவர்கள் கண்டார்கள். எல்லிஸ் மறதி நோயால் நலிந்து 2014இல் மறைந்தார். அலி 2016இல் மறைந்தார். அலியின் நோய்க்குக் குத்துகள்தாம் காரணமா என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஆயினும் அன்று கைதட்டியவர்களின் கண்முன் நின்ற இருவருக்குமே பின்னாளில் மூளை நோய் வந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

இங்கே எதிர்ப்பக்கமும் ஓர் எச்சரிக்கை தேவை. அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை வீரர்கள் 111 பேரின் மூளைகளில் 110இல் இந்தச் சிதைவு இருந்ததாக 2017இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. உடனே, "விளையாடியவர் அனைவருக்கும் வரும்" என்று முடிவு கட்டுவது தவறு. நோய் இருக்குமோ என்று ஐயுற்ற குடும்பங்களே பெரும்பாலும் மூளைகளைத் தானமாகக் கொடுத்தன. அழுகிய மாம்பழங்களை மட்டும் பொறுக்கிக் கூடையில் போட்டுவிட்டுத் தோப்பையே குறை சொல்லலாமா? ஸ்காட்லாந்தில் 2019இல் வெளியான ஆய்வு இதைவிட நேர்மையான கணக்கு. முன்னாள் கால்பந்து வீரர்கள் 7,676 பேரைப் பொதுமக்கள் ஏறத்தாழ 23,000 பேருடன் ஒப்பிட்டார்கள். மூளைச் சிதைவு நோயால் இறந்தவர்கள் பொதுமக்களில் 0.5 சதவீதம், வீரர்களில் 1.7 சதவீதம். ஏறத்தாழ மூன்றரை மடங்கு. அதே வீரர்களிடையே இதய நோயால் இறந்தவர்கள் குறைவு. விளையாட்டு இதயத்துக்கு நன்மை செய்தது. தலையில் விழுந்த அடி மூளைக்குத் தீமை செய்தது. ஆகவே விளையாட்டை விட வேண்டியதில்லை. குறைக்க வேண்டியது தலையில் விழும் அடியைத்தான்.

கபடி குத்துச்சண்டை அன்று. தலையைக் குறிவைத்து அடிப்பது அதில் கிடையாது. ஆனால் பாடி வருபவனின் காலைப் பிடிக்கக் குனிந்தவனின் நெற்றியில் முழங்கால் மோதுவதும், நாலு பேர் தூக்கிப் போட்டதில் பிடரி தரையில் அடிபடுவதும் நீங்கள் பார்த்தவைதாமே? எழுந்தவன் தலையை உதறிக்கொள்கிறான். "ஒன்றுமில்லை, ஆடு" என்கிறார்கள். அவனும் ஆடுகிறான். மானம் அப்படிச் சொல்கிறது. சார்பட்டாவும் அதே மானத்தைத்தான் கொண்டாடுகிறது: விழுந்தவன் எழ வேண்டும், எழுந்தவன் அடிக்க வேண்டும். அந்தப் படத்தின் மேல் என் குறை இதுதான். எழுந்திருப்பதன் பெருமையை அது அழகாகச் சொன்னது. உட்கார வேண்டிய நேரமும் உண்டு என்று ஒரு காட்சியில்கூடச் சொல்லவில்லை.

அதை நீங்கள் சொல்லுங்கள், மாணவர்களே. அடுத்த பொங்கலில் உங்கள் ஊர்க் களத்தில் தலையில் அடிபட்டவனுக்குத் தலைசுற்றலோ வாந்தியோ வந்தால், அல்லது எத்தனையாவது புள்ளி என்றுகூட அவனுக்கு நினைவில்லாமல் போனால், அன்றைக்கு அவனை மறுபடி களத்தில் இறக்காதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர் சரி என்னும்வரை பொறுத்திருக்கட்டும். சத்திரப்பட்டித் துணி இந்தக் காயத்துக்கு உதவாது. ஓய்வுதான் நம்மிடம் உள்ள ஒரே கட்டு.