ஏரி காத்த ஊர்கள்

உத்திரமேரூரையும் வேடந்தாங்கலையும் பார்க்காதவர்கள் இந்தத் தை முடிவதற்குள் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள். சொல்கிறவன் கொல்லிமலை ஆலத்தூர் நாட்டுக்காரன். அருவி, சோலை, மிளகுக்கொடி, பலாமரம் என்று எதற்கும் குறைவில்லாமல் வளர்ந்தவன். அப்படிப்பட்டவனையே பெரிய மலை எதுவும் குறுக்கே நிற்காத தட்டை நிலம் கட்டிப்போட்டது என்றால், அங்கே என்னவோ இருக்கத்தானே வேண்டும்!

எங்கள் மலையில் தண்ணீர் நிற்காது. சரிவில் சாமையும் தினையும், பள்ளத்து வயலில் நெல்லும் நனைந்தது போக, மழை ஓடையாகி, அருவியாகி, எங்களைத் திரும்பிக்கூடப் பாராமல் அடிவாரம் போய்ச் சேர்ந்துவிடும். எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலம், விழுப்புரம் தாண்டி மதுராந்தகத்துக்கு வந்தால் உலகமே வேறு. நெடுஞ்சாலையை ஒட்டியே ஏரிக்கரை. அங்கிருந்து ஊருக்குள் திரும்பினால் இருபுறமும் வயல், வயல் முடியுமிடத்தில் கரை, கரைக்கு அப்பால் தண்ணீர், தண்ணீருக்கு மேலே முழுசாக ஒரு வானம். மலையில் இருப்பவர்களுக்கு வானம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். இங்கே அடி முதல் முடி வரை மொத்தமாகப் பார்த்தபோது நெஞ்சு விரிந்துவிட்டது.

இந்த ஊர்களெல்லாம் இருக்கிற பழைய செங்கல்பட்டுச் சீமையை ஏரி மாவட்டம் என்பார்கள். ஆனால் இவை தாமாக உண்டான ஏரிகள் அல்ல. கண்ணுக்கே தெரியாத மெல்லிய சரிவைக் கண்டுபிடித்து, அதன் குறுக்கே வளைவாக மண்கரை எழுப்பி, வயலுக்கு விட மதகும், மிஞ்சியதை வெளியேற்றக் கலங்கலும் வைத்திருக்கிறார்கள். மேல் ஏரி நிரம்பினால் உபரி கீழ் ஏரிக்குப் போகும், அது நிரம்பினால் அடுத்ததற்கு. நிலத்தின் மட்டத்தை நூல் பிடித்தாற்போல் அறிந்தவர்கள் செய்த வேலை. அதைச் செய்தவர்கள் பெயரை நான் எந்தக் கல்லிலும் பார்க்கவில்லை. கரைமேல் நடக்கும்போது அவர்களை நினைத்துக் கும்பிடத் தோன்றியது.

உத்திரமேரூருக்கு வருவோம். எட்டாம் நூற்றாண்டில், இரண்டாம் நந்திவர்ம பல்லவன் காலத்தில் சதுர்வேதிமங்கலமாக, அதாவது பிராமணக் குடியிருப்பாக எழுந்த ஊர். வைகுண்டப் பெருமாள் கோயிலை வெளியிலிருந்து பார்த்தால் அடக்கமான சின்னக் கோயில்தான். சுவரை நெருங்கிப் போங்கள். கல்லெல்லாம் எழுத்து! பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919இலும் 921இலும், ஊர்ச்சபையார் வெட்டிவைத்த தேர்தல் விதிகள். ஊரை முப்பது குடும்பாக, அதாவது வார்டாகப் பிரித்து, தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்கிறார்கள். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில், அதாவது சபையின் குழுக்களில் இருந்தவருக்கு இடமில்லை. எனக்குப் புல்லரித்த இடம் இதற்கு அடுத்தது: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் நிற்க முடியாது, அவர் மட்டுமல்ல, சின்னம்மா பெரியம்மா பிள்ளைகள், அத்தை மாமன் பிள்ளைகள் என்று உறவுமுறை சொல்லி வரிசையாக எல்லோரையும் விலக்கி வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தைய எழுத்து இது!

வேதம் படித்த, நிலம் வைத்திருந்த பிராமணர்களின் சபை அது. பெண்களுக்கும் மற்றவர்களுக்கும் அதில் இடம் கிடையாது. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் பொதுக் காரியத்துக்கு வருகிறவன் கணக்குக் காட்டியாக வேண்டும் என்பதைக் ஓலையை நம்பாமல் கல்லில் வெட்டிவைத்த ஊருக்கு என் மரியாதை முழுசாக உண்டு.

அந்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம், ஆறு பேர் கொண்டது. ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஆள் தேர்ந்தெடுத்த ஊர்! அந்த ஊர் ஏரிக்கு வயிரமேகத் தடாகம் என்று பெயர். வயிரமேகன் என்பது பல்லவ மன்னன் தந்திவர்மனின் பட்டம். அந்த ஏரியைத் தூர் வாருவதற்கென்று பொன்னை முதலாக வைத்த செய்திகளும் இங்குள்ள கல்வெட்டுகளில் இருக்கின்றன. கோயில் சுவரில் படித்துவிட்டு ஏரிக்கரைக்குப் போய் நின்றேன். படித்தது காலடியில் மண்ணாகக் கிடக்கிறது, எதிரே தண்ணீராகக் கிடக்கிறது. இந்தச் சுகம் வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை. சுந்தரவரதப் பெருமாள் கோயிலையும் விட்டுவிடாதீர்கள். மூன்று நிலைகளில் நின்றும் இருந்தும் கிடந்தும் பெருமாள்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் வேடந்தாங்கல். சுமார் முப்பது ஹெக்டேர், அவ்வளவுதான் ஏரி. அதற்குள் நீர்க்கடம்பு மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கின்றன, மரத்தில் இலையைவிடப் பறவைதான் அதிகம் தெரிகிறது. கரையில் ஏறிய உடனே சத்தம் வந்து முகத்தில் அடிக்கிறது. சங்குவளை நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா, நீர்க்காகம், வக்கா, கூழைக்கடா. ஒரே மரத்தில் இத்தனை சாதியும் குடித்தனம் நடத்துவதைப் பார்க்க வேண்டுமே! நான் அதிக நேரம் பார்த்தது நத்தைகுத்தி நாரையை. அலகு இரண்டும் நுனியில் சேர்ந்திருக்கும், நடுவில் மட்டும் இடைவெளி. வயல் சேற்றில் நத்தையைப் பிடித்து, ஓட்டுக்குள்ளிருந்து சதையை உருவி எடுக்கத் தோதான அலகு. ஒரு தாய் கூட்டுக்கு வந்து இறங்கியது. குஞ்சுகள் கழுத்தை ஆட்டி ஆட்டிக் கத்த, அது கூட்டின் நடுவில் இரையைக் கக்கிப் போட்டது. அவ்வளவையும் கரையில் நின்றபடியே பார்க்க முடிந்தது.

கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "ஐயா, இவ்வளவு சத்தத்துல ராத்திரி தூக்கம் வருமா?" என்று கேட்டேன். "சத்தம் இல்லாட்டிதான் தம்பி தூக்கம் வராது. இதுங்க வரலன்னா மழை இல்லன்னு அர்த்தம். இதுங்க எச்சம் விழுந்த தண்ணி பாஞ்சா பயிருக்குத் தனியா உரம் எதுக்கு?" என்றார். பறவைகளுக்காக ஊரில் தீபாவளிக்கு வெடி கொளுத்துவதில்லை என்பதை அவர் பெருமையாகக்கூடச் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னார்.

இந்தக் காவல் நேற்று வந்ததல்ல. துப்பாக்கிக்காரர்கள் பறவைகளைச் சுட்டதை எதிர்த்து ஊர்க்காரர்கள் போய் முறையிட, 1798இல் அப்போதைய கலெக்டர் லயோனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுத்திலேயே கொடுத்தார். மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கோயில் கதையில் வருகிற அதே பிளேஸ் துரைதான். உடையப்போன கரையில் ராம லட்சுமணர் வில்லோடு காவல் நின்றதைக் கண்டு, தாயார் சன்னிதி கட்டிக்கொடுத்தார் என்பது அங்கே வழங்கும் கதை. ஒரே மனிதர் பெயர் ஓர் ஊரில் ஏரியோடும் இன்னோர் ஊரில் பறவையோடும் சேர்ந்து வாழ்கிறது. ஆனால் வேடந்தாங்கல் கதையில் என் மனம் நிற்பது துரையிடம் அல்ல, அவரிடம் போய் நின்ற விவசாயிகளிடம். இன்றுள்ள காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டங்கள் எதுவும் வராத காலத்தில், தங்கள் ஏரிக்கு வரும் பறவைக்காக அவர்கள் கலெக்டரைப் பார்க்கப் போயிருக்கிறார்கள்.

பக்கத்திலேயே இன்னொரு பறவைச் சரணாலயம், கரிக்கிலி. அங்கே வாத்துகளுக்குத்தான் ராஜ்ஜியம். ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் பார்க்கலாம். கூட்டம் குறைவு, அமைதி அதிகம். வேடந்தாங்கல், கரிக்கிலி இரண்டுமே 2022இல் உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தன.

போகிறவர்களுக்கு: நவம்பரிலிருந்து மார்ச் வரை பருவம், டிசம்பர், ஜனவரி மிக நல்லது. காலையில் உத்திரமேரூர், மாலை நான்கு மணிக்கு மேல் வேடந்தாங்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரை தேடப் போன கூட்டமெல்லாம் திரும்பும் நேரம் அது. பைனாகுலர் இல்லாமல் போகாதீர்கள். பளிச்சென்ற சட்டை வேண்டாம், பிளாஸ்டிக் பை வேண்டவே வேண்டாம். மழை பொய்த்த ஆண்டில் ஏரி வற்றிக் கிடக்கும், பறவையும் வராது. அதனால் கிளம்புவதற்கு முன்பு ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.