மைக் என்னும் பொய்யன்

எல்டர் ஸ்க்ரோல்ஸ் விளையாட்டுகளில் எனக்கு மிகப் பிடித்த இனம் கஜீத், அந்தப் பூனைமுகக்காரர்கள். 1994-இல் வந்த முதல் விளையாட்டில் ஏறக்குறைய மனிதர்களாகவே இருந்தார்கள். 2002-இல் வெளியான மாரோவிண்டில் விலங்குகளுக்கு உள்ளதுபோல் வளைந்த கால்கள் கிடைத்தன. அந்தக் கால்களுக்குப் பூட்ஸ் ஏறாது! உடலமைப்பையே விளையாட்டின் விதியாக்கிய துணிவு அது. அடுத்த பாகத்தில் அதைக் கைவிட்டது இழப்பு என்றே நினைக்கிறேன்.

பிறக்கும்போது வானில் இரு நிலவுகளும் எந்தப் பிறையில் நிற்கின்றனவோ அதற்கேற்ப இவர்களின் உருவம் அமையும். வீட்டுப் பூனையளவு சிறியவரும் உண்டு, சவாரிக்கு ஏற்ற பெரியவரும் உண்டு. ஸ்கைரிம் என்னும் பாகத்தில் கஜீத் வணிகர்கள் நகர வாசலுக்கு வெளியே கூடாரம் போட்டிருப்பார்கள், உள்ளே அனுமதியில்லை. கதை நடக்கும் நாட்டின் வெறுப்பைச் சொல்ல வேறு வசனமே தேவைப்படவில்லை.

இவர்களில் ஒருவன் மைக். மாரோவிண்ட், ஆப்லிவியன் (2006), ஸ்கைரிம் (2011) மூன்றிலும் எதிர்ப்படுவான். கடைசி இரண்டு கதைகளுக்கும் நடுவே இருநூறு ஆண்டுகள்! தந்தைக்கும் தாத்தாவுக்கும் இதே பெயர்தான் என்பான். வேலை எதுவும் தரமாட்டான். ரசிகர்கள் கேட்டு நச்சரித்த வசதிகளைப் பற்றியே பேசுவான். டிராகன்கள் எங்கும் உண்டு, கண்ணுக்குத் தெரியாது என்று மாரோவிண்டில் அளந்தான். ஸ்கைரிமில் அவை நிஜமாகவே வானை நிறைத்தன. படைத்தவர்கள் ரசிகர்களோடு இத்தனை ஆண்டுகள் பேச்சை விடாமல் வைத்திருக்க ஒரு நாடோடியைத் தேர்ந்தெடுத்ததை நினைத்து மகிழ்கிறேன். சாலையில் அவனைக் கண்டால் எந்தப் போரையும் தள்ளிவைத்துவிட்டு நின்று பேசுவேன்.