செருப்பு வாரும் மக்காச்சோளமும்

மரச்செதுக்குப் படங்கள் என்று பேச்செடுத்தாலே ஜெர்மன் ஓவியர் ட்யூரரின் காண்டாமிருகத்தில்தான் வந்து நிற்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. 1515-ல் குஜராத்திலிருந்து லிஸ்பன் போய் இறங்கிய அந்த விலங்கை ட்யூரரும் பார்க்கவில்லை, அதையே வரைந்த இன்னொரு ஓவியர் ஹான்ஸ் புர்க்மையரும் பார்க்கவில்லை. ட்யூரர் அதற்குக் கவசம் மாட்டி, பிடரியில் இல்லாத குட்டிக் கொம்பு ஒன்றையும் முளைக்க வைத்தார். புர்க்மையர் முன்னங்கால்கள் பிணைத்துக் கட்டப்பட்டிருப்பதை வரைந்தார். பிடிபட்டு வந்த ஜீவன் அது என்பதை அந்தக் கட்டு ஒன்றே சொல்லிவிடுகிறது. அவருடைய படத்தில் இன்று மிஞ்சியிருப்பது வியன்னா ஆல்பர்டினாவில் உள்ள ஒரே பிரதி.

நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது அதனிடம்கூட இல்லை. 1508-ல் அவர் செய்த மரச்செதுக்கு நீள்வரிசையிடம். கினியா, தென்னாப்பிரிக்க அல்கோவா, அரேபியா, இந்தியா என்று அந்தந்த ஊர் மக்களாக நகர்ந்து கொச்சி ராஜா வரை வரும். வெல்சர் வணிகக் குடும்பத்துக்காக 1505-ல் கப்பலேறிய பால்தசார் ஸ்பிரிங்கரின் பயணம்தான் மூலம். எங்கள் ஊர் ராசிங்காபுரத்தில் உட்கார்ந்து இதைப் பார்ப்பதில் தனி ருசி உண்டு. போடிமெட்டு ஏறி அந்தப் பக்கம் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தால் கொச்சிதானே!

ராஜாவைச் சுமப்பவர்களின் தொடையை, கெண்டைக்காலைப் பாருங்கள். மரத்தில் கோடு என்பது வெட்டாமல் விட்டது. இருபுறமும் தோண்டியெடுத்தபின் நிற்கிற மயிரிழை. அந்த இழைகளை வளைத்து வளைத்தே சதையைத் திரட்டியிருக்கிறார். இவை இத்தாலியச் சிலைகளின் உடம்பு என்று குறை சொல்வார்கள். இருக்கட்டும். புர்க்மையரின் ஊரான ஆக்ஸ்பர்க்கிலேயே சுமார் 1505-ல் அமெரிக்கர்களை நரமாமிசம் தின்பவர்களாகச் செதுக்கி விற்றார்கள். இவர் மனிதர்களை வரைந்தார். அல்கோவாக்காரனின் தோல் போர்வையோடு காலில் கிடக்கும் செருப்பின் வாரையும் விடவில்லை.

அந்தக் கையே பின்னால் சறுக்கியதுதான் எனக்கு ஆறவில்லை. பேரரசர் மாக்சிமிலியனின் வெற்றி ஊர்வலப் படங்கள் 1526-ல் அச்சாயின. அதில் புர்க்மையர் வரைந்த கள்ளிக்கோட்டைக்காரர்கள் யானையோடு வருகிறார்கள். இடுப்பில் அமெரிக்க இறகுப் பாவாடை, கையில் மக்காச்சோளக் கதிர்! தூரதேசம் என்றால் எல்லாம் ஒன்று என்று ஆகிவிட்டது.

அந்த வியாதி இன்னும் தீரவில்லை. ஏலத்தோட்ட வேலைக்கு விடியுமுன் ஜீப்பில் மலையேறுகிற எங்கள் ஊர்ப் பெண்கள் சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டியிருப்பார்கள். ஏலச்செடி தூரில், தரையோடு கிடக்கும் சரத்தில் காய்க்கிறது. குனிந்தோ குத்தவைத்தோதான் காய் எடுக்க வேண்டும். போன மாதம் என் கைக்கு வந்த ஏலக்காய்ப் பாக்கெட் ஒன்றில் ஒரு பெண் முதுகில் கூடை தொங்க, நிமிர்ந்து நின்று, புதரின் நுனியில் கொழுந்து கிள்ளுகிறாள். சட்டை இல்லை, துண்டு இல்லை, சரமும் இல்லை. அவள் தேயிலை எடுக்கிறவள்.