சொல்லாமல் நிற்கும் உறவு: 'வின்சென்ஸோ' தொடரும் நம் கதைக் கட்டுரைகளும்



போன தவணை கதைக் கட்டுரைகளைத் திருத்தும்போது ஒரே மாதிரி முடிவு திரும்பத் திரும்ப வந்தது. கடைசிப் பத்தியில் யாரோ ஒருவர் கண்ணீரோடு, "நான்தான் உன் அம்மா" என்பார். அதோடு கதை முடிந்துவிடும். எங்கிருந்து வந்தது இந்தப் பழக்கம் என்று பிள்ளைகளைக் கேட்டேன். "கொரியா நாடகம் பார்க்கிறோம் டீச்சர்" என்றார்கள். சரி, என்னதான் இருக்கிறது என்று நானும் ஒன்றைப் பார்த்தேன். அதுதான் 'வின்சென்ஸோ'.

2021இல் தென்கொரியாவின் டிவிஎன் அலைவரிசையில் வெளிவந்த 20 பாகத் தொடர் இது. எழுதியவர் பாக் ஜே-பம், இயக்கியவர் கிம் ஹீ-வோன். பார்க்காதவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், கதை முடிவையும் இங்கே பேசப் போகிறேன்.

கொரியாவில் பிறந்து, எட்டு வயதில் இத்தாலிக்குத் தத்துப் போன பையன் வின்சென்ஸோ. வளர்ந்து மாஃபியா குடும்பத்தின் வழக்கறிஞராகிறான். ஒரு கட்டடத்துக்கு அடியில் புதைத்து வைத்த தங்கத்தை எடுக்க சியோல் வருகிறான். வந்த இடத்தில் ஹோங் சா-யங் என்ற பெண் வழக்கறிஞரோடு சேர்ந்து, பேபல் என்ற பெரிய நிறுவனத்தை எதிர்க்கிறான். காதலும் மெல்ல எட்டிப் பார்க்கிறது. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது காதலும் இல்லை, தங்கமும் இல்லை. அதற்குள் இருக்கும் மூன்று குடும்பங்கள்தான்.

முதலாவது, தாயும் மகனும். செய்யாத கொலைக்குச் சிறைப்பட்டு, நோயில் வாடும் ஓ கியோங்-ஜா என்ற பெண்மணிதான் வின்சென்ஸோவைப் பெற்றவர். அது அவனுக்குத் தெரியும், பார்க்கும் நமக்கும் தெரியும். ஆனால் அவன் வழக்கறிஞராகவே அவர் முன்னால் உட்காருகிறான். "அம்மா" என்ற சொல் தொண்டை வரை வந்து நிற்கிறது. அவருக்கும் தெரிந்திருக்குமோ என்ற சந்தேகம் நமக்குள் ஊறுகிறது. இங்கேதான் கவனிக்கணும். பார்வையாளருக்குத் தெரிந்தது பாத்திரத்துக்குத் தெரியாமல் இருப்பதை நாடக முரண் என்கிறோம். அந்த உத்தி இருப்பதால், "சாப்பிட்டீர்களா?" என்ற சாதாரண விசாரிப்புக்கூட இந்த இருவருக்கிடையில் கனத்துப் போகும். உண்மையை உடைப்பது ஒரு நொடி வேலை. அதைச் சுமந்துகொண்டு நடப்பதுதான் கதை.

இரண்டாவது, தந்தையும் மகளும். சா-யங்கின் அப்பா ஹோங் யூ-சான் ஏழைகளுக்காக வாதாடும் வழக்கறிஞர். அவர் அலுவலகத்தின் பெயருக்கே 'வைக்கோல்' என்றுதான் பொருள். மகளோ பணக்கார நிறுவனங்களின் பக்கம். பார்த்தாலே சண்டை. அப்பா கொலை செய்யப்பட்ட பிறகுதான் அவர் யார் என்று மகளுக்கு விளங்குகிறது. புதிதாக எந்த இரகசியமும் வெளிப்படவில்லை. கண்ணெதிரே இருந்த மனிதரை இவள்தான் பார்க்கத் தவறியிருக்கிறாள். அப்பாவின் நாற்காலியில் அவள் போய் உட்காருவது நூறு வசனத்துக்குச் சமம்.

மூன்றாவது, அண்ணனும் தம்பியும். பேபலின் தலைவராக வெளியே தெரிபவன் ஜாங் ஹான்-சோ. உண்மையான அதிகாரம், பயிற்சி வழக்கறிஞராகச் சிரித்துக்கொண்டு திரியும் அண்ணன் ஹான்-சோக்கிடம். தகப்பன் ஒருவர், தாய் வேறு. அண்ணனுக்குப் பயந்து பயந்தே வாழ்ந்த தம்பி, கடைசியில் எதிரியான வின்சென்ஸோவிடம் அண்ணன் பாசத்தைத் தேடி, அவனைக் காக்கப் போய் உயிரை விடுகிறான். இரத்த உறவு கொடுக்காததை வேறொருவர் கொடுக்கலாம் என்று தொடர் சொல்கிறது. பாத்திர வளர்ச்சிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இந்தத் தொடரில் இல்லை.

குறை இல்லையா? இருக்கு. தாயின் உறவை இவ்வளவு பொறுமையாகக் கட்டியவர்கள், அவரைக் கொலைக்குப் பலி கொடுத்து, அந்தத் துக்கத்தை உடனே பழிவாங்கலுக்கு எரிபொருளாக்கிவிடுகிறார்கள். அழ நேரமில்லை, துப்பாக்கி வந்துவிடுகிறது. இறுதிப் பாகத்தின் தண்டனைகளோ மிகக் கொடூரம். வின்சென்ஸோ தன்னையே கெட்டவன் என்று ஒப்புக்கொள்கிறான், அந்த நேர்மையைப் பாராட்டலாம். ஆனால் அவன் அம்மாவுக்காக நாம் சிந்திய கண்ணீர், அவன் செய்யும் கொடுமையையும் நியாயமாக்கிவிடுகிறது. பாசத்தைக் காட்டி நம் தீர்ப்பை மழுங்கடிக்கும் இந்த வேலையை மாணவர்கள் கண்டுபிடிக்கப் பழகணும். அதேபோல ஹான்-சோக் ஏன் இப்படி ஆனான் என்பதற்கும் தொடரில் போதுமான பதில் இல்லை. தம்பிக்குக் கிடைத்த ஆழம் அண்ணனுக்குக் கிடைக்கவில்லை.

ஆசிரியர்களே, இதை வகுப்பில் போட்டுக் காட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. வன்முறை அதிகம். ஆனால் பிள்ளைகள் வீட்டில் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். அவர்கள் பார்த்ததை வைத்தே கேளுங்கள்: உண்மை யாருக்கு முதலில் தெரிந்தது? தெரிந்தும் ஏன் சொல்லவில்லை? சொன்ன பிறகு யாருடைய வாழ்க்கை மாறியது? நீங்கள் நடத்தும் நாவலுக்கும் சிறுகதைக்கும் இதே கேள்விகள் பொருந்தும்.

மாணவர்களே, உங்களுக்கும் ஒன்று. அடுத்த கட்டுரையில் "நான்தான் உன் அம்மா" என்ற வரியைக் கடைசிப் பத்தியில் வைக்காதீர்கள். இரண்டாம் பத்தியிலேயே வாசகருக்குத் தெரியப்படுத்திவிடுங்கள். மகனுக்கு மட்டும் தெரிய வேண்டாம். பிறகு இருவரையும் ஒரே சாப்பாட்டு மேசையில் உட்கார வையுங்கள். அந்த அம்மா குழம்பை ஊற்றும்போது கை எப்படி நடுங்கியது என்று எழுதுங்கள். கட்டுரையைத் திருத்துகிறவரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் படிப்பார்.