'இல்லை' என்பதற்கும் எல்லை உண்டு

சாட்சி பிறழலாம், ரசாயனம் பிறழாது என்ற வாதம் இப்போது ஓங்கி ஒலிக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் வல்லுநர் சம்பவ இடத்துக்குச் செல்ல வேண்டும் என்கிறது. இனி சந்தேக மரணங்களுக்கு ஆய்வகமே விடை சொல்லிவிடும் என்று பலர் நம்புகிறார்கள்.

நச்சியலின் பெருமையை நான் மறுக்கவில்லை. 1840இல் பிரான்சின் லஃபார்ஜ் வழக்கில் சடலத்திலிருந்து ஆர்சனிக்கைப் பிரித்துக் காட்டினார் நச்சியல் அறிஞர் ஓர்ஃபிலா. 2024இல் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட கள்ளக்குறிச்சிச் சாராயத்தில் மெத்தனால் இருந்ததைச் சொன்னதும் ஆய்வகம்தான். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்திருந்தால் இந்த அறிவியல் கூர்மையானது.

அது தெரியாதபோதுதான் சிக்கல். பிரேதப் பரிசோதனை முடிந்து, 'வேதிப் பகுப்பாய்வு அறிக்கை வரும்வரை கருத்து நிறுத்திவைக்கப்படுகிறது' என்று மருத்துவர் எழுதுகிறார். மாதங்கள் கழித்து 'விஷம் கண்டறியப்படவில்லை' என்று ஒற்றை வரி வருகிறது. அந்த வரியை 'விஷம் இல்லை' என்று காவல் நிலையம் படிக்கிறது. 'இயற்கை மரணம்' என்று கோப்பு மூடிக்கொள்கிறது. கண்டறியப்படாததும் இல்லாததும் ஒன்றாகிவிடும் இந்த இடத்தைத்தான் நான் நெடுங்காலமாகக் குறை சொல்லி வருகிறேன்.

ஒரு பழைய வழக்கைப் பாருங்கள். 1956 நவம்பரில் புனேயிலிருந்து இரவு ரயிலில் மும்பைக்கு ஒரு மருத்துவருடன் கிளம்பிய லட்சுமிபாய் கார்வே, நினைவிழந்த நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு மறுநாள் காலை இறந்தார். பிரேதப் பரிசோதனை நடந்தது பல நாள் கழித்து. உள்ளுறுப்புகளில் விஷம் எதுவும் கிடைக்கவில்லை. நீரிழிவு மயக்கத்தால் இறந்திருக்கலாம் என்று மருத்துவக் கருத்தும் வந்துவிட்டது. ஆனால் அந்த மருத்துவர், இறந்தவர் உயிரோடு இருப்பதுபோல் கடிதங்கள் அனுப்பி, அவருடைய சொத்தைக் கவர்ந்திருந்தார். உச்ச நீதிமன்றம் 1959 டிசம்பரில் அந்த மருத்துவருக்கான கொலைத் தண்டனையை உறுதி செய்தது. எந்த விஷம் என்பது கடைசிவரை தெரியவில்லை. வெறும் 'இல்லை'யை நம்பியிருந்தால் அது நீரிழிவுச் சாவாகவே முடிந்திருக்கும்.

ஏன் இப்படி நேர்கிறது? இரைப்பையும் கல்லீரலும் சிறுநீரகமும் உப்புக் கரைசலில் ஊறியபடி ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்கின்றன. வாந்தியில் கொஞ்சம் போயிருக்கும், உடல் கொஞ்சம் சிதைத்திருக்கும், ஆவியாகக்கூடியது ஆவியாகியிருக்கும். இன்சுலின் போன்றவை வழக்கமான சோதனையில் சிக்குவதில்லை. பாம்பின் நஞ்சும் அப்படித்தான். கிடைத்தாலும் அளவு ஏமாற்றலாம்: டிகாக்சின் போன்ற சில மருந்துகள் இறந்த பிறகு இதயத்து ரத்தத்தில் கூடிவிடும். தொடைச் சிரையில் எடுத்த ரத்தமா, இதயத்தில் எடுத்த ரத்தமா என்பதை எழுதாத அறிக்கையில் உள்ள எண்ணுக்குப் பொருளே இல்லை.

கருவி வாங்கினால் இதெல்லாம் சரியாகிவிடும் என்பது வீண் நம்பிக்கை. பாட்டிலில் வராததை எந்தக் கருவியும் காட்டாது. இறந்தவர் என்ன சாப்பிட்டார், எப்படித் துடித்தார், வீட்டில் என்ன மாத்திரை இருந்தது என்று விசாரித்து எழுதாத காவலரும், அதைக் கேட்காமல் பாட்டிலை மூடி முத்திரை வைக்கும் மருத்துவரும் ஆய்வகத்தைக் கண்ணைக் கட்டித் தேட விடுகிறார்கள். 1849இலேயே வேதிப் பரிசோதகர் ஆய்வகம் கண்ட சென்னையில் இதைச் சொல்ல வேண்டியிருப்பது வேதனை.

என் கோரிக்கை எளியது. எந்தெந்த நஞ்சைத் தேடினோம், எந்த முறையில், எவ்வளவு குறைந்த அளவுவரை என்பதை அறிக்கை சொல்லட்டும். தேடாதவற்றையும் சொல்லட்டும். அதைச் சொல்லாத 'இல்லை'யை வைத்து ஒரு மனிதரின் கோப்பை மூடக் கூடாது.