மூளையியலும் வகுப்பறையும்

கிழக்கிலங்கையின் வகுப்பறைகளுக்கு ஆசிரியரை உருவாக்கி அளித்த ஊர்களுள் அட்டாளைச்சேனையும் ஒன்று. முன்னர் ஆசிரியர் கலாசாலையும், இன்று தேசிய கல்வியியற் கல்லூரியும் அப்பணிக்கு அங்கு நிலைக்களனாயின. ஆசிரியப் பயிற்சி பற்றிய உரைகளில் இக்காலத்தே மூளையியல் என்னுஞ் சொல் பெருவழக்காயிற்று. அதனுள் கொள்ளத்தக்கது யாது, தள்ளத்தக்கது யாது எனத் தெளிதல் ஆசிரியர் கடனாகும்.

தள்ளத்தக்கதை முதற்கண் நோக்குவோம். வலிப்பு நோய் தணிதற்பொருட்டு இரு மூளைப் பாதிகளையும் இணைக்கும் நரம்புக்கற்றை அறுக்கப்பட்டோரை ஆராய்ந்த றொஜர் ஸ்பெரி, 1981இல் நோபல் பரிசு பெற்றார். அவ்வாராய்ச்சியினின்றும், கணக்கில் வல்லார் இடமூளையர், கலையில் வல்லார் வலமூளையர் என்னும் பாமரக் கொள்கை கிளைத்தது. 2013இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தார் 1,011 பேரின் மூளைப் படங்களை ஆராய்ந்தனர். அத்தகைய இருவகை மாந்தரை அவர்கள் கண்டிலர். கண்வழிக் கற்போர், செவிவழிக் கற்போர் என்னும் பாகுபாடும் அன்னதே. அதற்குப் போதிய சான்றில்லை என 2008இல் உளவியலார் நால்வர் முடிபு கூறினர். எனினும் 2012இல் பிரித்தானியாவிலும் நெதர்லாந்திலும் வினவப்பட்ட ஆசிரியருள் பத்தில் ஒன்பதின்மருக்கு மேற்பட்டோர் அதனை நம்பினர். இது தீங்கற்ற பிழையன்று. செவிவழிக் கற்பவன் எனப் பெயர்சூட்டப்பட்ட சிறுவனுக்குத் தேசப்படத்தைக் காட்டும் முயற்சி குன்றும். பெயரே அவனுக்கு வேலியாகிவிடும்.

மெய்யான மூளையியலுக்கும் எல்லையுண்டு. 1973இல் பிளிஸ், லோமோ என்போர், முயலின் மூளையில் நரம்பிணைப்புகள் மீண்டும் மீண்டுந் தூண்டப்படின் நெடுநேரம் வலுப்பெற்றிருத்தலைக் காட்டினர். அரிய கண்டுபிடிப்பே, ஆயின் பின்னக் கணக்கை எவ்வாறு கற்பிப்பது என்பதை அது கூறாது. நரம்பணுவுக்கும் வகுப்பறைக்குமிடையே நேரே பாலமிடல் இயலாது, உளவியலே இடைத்தூணாதல் வேண்டும் என 1997இல் ஜோன் புரூவர் வாதிட்டமை இதுபற்றியேயாம்.

அவ்விடைத்தூண் தரும் பயன் தெளிவானது. 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்போர் மாணவர்க்கு ஓர் உரைப்பகுதியை அளித்தனர். ஒரு சாரார் அதனை மீளப் படித்தனர். மற்றையோர் நூலை மூடி நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடத்தின் பின் முன்னையோர் நூற்றுக்கு 81 பகுதியும் பின்னையோர் 75 பகுதியும் நினைவுகூர்ந்தனர். ஒரு வாரத்தின் பின் அந்நிலை மாறி, முறையே 42, 56 ஆயிற்று. மீளப் படித்தல் கற்றுவிட்டோம் என்னும் மயக்கத்தைத் தரும். நினைந்து கூறலே கல்வியை நிலைபெறுத்தும்.

இவ்வுண்மை இம்மண்ணுக்குப் புதிதன்று. திருக்குர்ஆனை மனனஞ் செய்யும் மாணவன் பழைய பாடத்தை ஒப்புவித்தே புதிய பாடம் பெறுவான். திண்ணைப் பள்ளியிலும் ஒப்புவித்தல் உண்டு. ஆயின் பொருளுணராது ஒப்புவித்தலும் பொருளை நினைந்து விளக்கலும் ஒன்றாகா. அறிவியற் பாடத்தில் வேண்டப்படுவது பின்னையதே. ஆதலின், கரும்பலகைக் குறிப்பைப் பார்த்தெழுதச் செய்யும் நேரத்துள் ஒரு பகுதியை, நேற்றைய பாடத்தின் காரணகாரியங்களைப் புள்ளியிடாது வினவுதற்கு ஒதுக்கலாம். அதற்குக் கருவியும் பணமும் வேண்டா.

மூளையின் பெயரால் வருவன யாவும் மூளையியலாகா. பழைமையின் பெயரால் இகழப்படுவன யாவும் பயனற்றனவுமாகா. சான்றை வினவும் ஆசிரியரே இரண்டினின்றும் மாணாக்கரைக் காப்பர்.