மேசைமீது நிகழும் போர்: வரலாற்றுப் போர் விளையாட்டின் நோக்குநிலை

மனிதர் வரலாற்றை வரலாற்று நூல்களில் மட்டும் கற்பதில்லை. நாவல், நாடகம், திரைப்படம் ஆகியவற்றினூடாகவும் கடந்தகாலம் பற்றிய தமது எண்ணங்களை அவர்கள் உருவாக்கிக்கொள்கின்றனர். இவ்வரிசையில் வைத்து நோக்கப்படவேண்டிய, ஆயின் நமது விமர்சகர்கள் பெரிதும் கவனியாத ஒரு வடிவம் உண்டு. வீட்டு மேசையில் ஆடப்படும் வரலாற்றுப் போர் விளையாட்டே அது. அறுகோணங்களாகப் பிரிக்கப்பட்ட வரைபடம், படைப்பிரிவுகளைக் குறிக்கும் அட்டைக் காய்கள் அல்லது வர்ணந்தீட்டிய சிறு பொம்மைகள், பகடை, விதிநூல் ஆகியவற்றைக் கொண்டு இருவர் வாட்டர்லூவையோ கெற்றிஸ்பேர்க்கையோ மீண்டும் பொருதிப் பார்க்கின்றனர்.

இதனைச் சிறுவர் விளையாட்டு என்றோ போர்வெறியின் வெளிப்பாடு என்றோ ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின் விதிநூலும் ஒரு பனுவலே. போரில் எதனை எண்ணுவது, எதனை எண்ணாது விடுவது என்பதை அது தீர்மானிக்கின்றது. அத்தீர்மானத்திலேயே அதன் கருத்துநிலை உறைந்துள்ளது. எனவே இவ்விளையாட்டின் உள்ளடக்கத்தைவிட அதன் உருவமே முதலில் ஆராயப்பட வேண்டியதாகும்.

சதுரங்கம் போன்றவை போரைக் குறியீடாக்கியவை. குறிப்பிட்ட நிலத்திற் படைகள் பொருதுவதைக் கணக்கிட்டுக் காட்டும் முறையோ பிரஷ்யாவில் நிலைபெற்றது. 1812இல் றைஸ்விற்ஸ் என்பார் தாம் அமைத்த போர் மேசையை மன்னர் மூன்றாம் பிரெடெரிக் வில்லியத்திடம் அளித்தார். படை அலுவலரான அவர் மகன் அதனைத் திருத்தி 1824இல் விதிநூலாக வெளியிட்டார். 1:8000 அளவிலான வரைபடம், இரண்டு நிமிட நேரத்தைக் குறிக்கும் சுற்றுக்கள், இழப்பைத் தீர்மானிக்கும் பகடை, ஒவ்வொரு தரப்பும் தான் காணக்கூடியதை மட்டும் அறியச்செய்யும் நடுவர் ஆகியன அதன் கூறுகள். பிரஷ்யப் படைத்தலைமையின் முதல்வராயிருந்த மஃப்ளிங் அதனை விளையாட்டாக அன்றிப் போர்ப்பயிற்சியாகவே கண்டு படையினருக்குப் பரிந்துரைத்தார். 1870-71இல் பிரான்சை பிரஷ்யா வென்றபின் ஏனைய நாட்டுப் படைகளும் இம்முறையை நாடின. ஆகவே, நிலவுடைமை உயர்குடியினர் அதிகாரம் செலுத்திய ஒரு படையின் கருவியாகவே இவ்வடிவம் வளர்ந்தது. கட்டளையிடுவோனின் கண்ணே அதன் கண்ணாயிற்று.

இக்கருவியை மத்தியதர வர்க்கத்தின் வீட்டுக்குள் கொண்டுவந்தோருள் முதன்மையானவர் எச். ஜி. வெல்ஸ். 1913இல் வெளியான அவரது ‘சிறு போர்கள்’, வில்விசையால் மரக்குண்டு எறியும் பொம்மைப் பீரங்கியையும் ஈயச் சிப்பாய்களையும் கொண்டு ஆடும் முறையை வகுத்தது. வெல்ஸ் தம்மைச் சோஷலிசவாதியாகக் கருதியவர். பொம்மைப் போரை ஆடிப் பார்ப்பவன் மெய்ப்போரின் மடமையை உணர்வான் என்பது அவரது வாதம். ஆயின் மறு ஆண்டே ஐரோப்பா போரில் இறங்கியபோது, ‘போரை முடிவுறுத்தும் போர்’ என அதனை வரவேற்று நூல் எழுதியவரும் அவரே. இதனை ஒரு தனிமனிதரின் தடுமாற்றமாக மட்டுங் கொள்ளலாகாது. போர் என்பது தளபதிகளின் அறிவீனத்தால் விளைவது என்று அவர் கருதினார். சந்தைக்கும் குடியேற்ற நாடுகளுக்குமான போட்டி அவரது தரைவிரிப்பில் இடம்பெறவில்லை. காரணத்தைக் காணாத மனிதாபிமானம் காரியத்தின்முன் தோற்பது இயல்பே.

இங்கு ஓர் ஒப்பீடு பயனுடையது. வால்ரர் ஸ்கொட்டின் நாவல்களை ஆராய்ந்த ஜோர்ஜ் லூக்காச், அவற்றில் மன்னரும் மாவீரரும் ஓரத்தில் நிற்க, நடுத்தரமான ஒரு மாந்தனே மையத்தில் நிற்பதைச் சுட்டிக்காட்டினார். அதனாலேயே வரலாற்றின் மோதல்கள் மக்கள் வாழ்வில் எவ்வாறு உணரப்பட்டன என்பதை அந்நாவல்களாற் காட்ட முடிந்தது. போர் விளையாட்டு இதற்கு நேர்மாறானது. ஆடுபவர் நெப்போலியனின் இருக்கையில் அமர்கிறார். நமது மரபின் சொல்லிற் கூறுவதானால், அவரே பாட்டுடைத் தலைவர். பரணியில் மாண்டோர் களத்திற் கிடக்கவேனும் செய்கின்றனர். இங்கு வீழ்ந்த பொம்மை பெட்டிக்குத் திரும்புகின்றது. அடுத்த ஆட்டத்தில் அதே சீருடையுடன் எழுந்து நிற்கின்றது. சீருடைப் பொத்தானின் நிறம்வரை மெய்ம்மை பேணும் இக்கலை, காயம்பட்டவனை எங்கே கிடத்துவது என்று கேட்பதில்லை.

இரண்டாம் உலகப் போரின்பின் இவ்வடிவம் பண்டமாகியது. சார்ள்ஸ் ரொபேர்ட்ஸ் 1954இல் ‘ரக்ரிக்ஸ்’ என்ற விளையாட்டை வெளியிட்டார்; 1958இல் அவரது அவலோன் ஹில் நிறுவனம் தொழிற்படத் தொடங்கியது. இருதரப்பு வலிமைகளின் விகிதத்தையும் பகடையின் எண்ணையும் பொருத்தி மோதலின் விளைவைக் கூறும் அட்டவணை இதன் இதயமாயிற்று. இவ்வட்டவணையின் முற்போக்கான கூறையும் மறுத்தலாகாது. வீரனின் தனிப்பெருமையன்று, படைத்தொகை, நிலம், வழங்கற்பாதை ஆகிய புறநிலைகளே முடிவைப் பெரிதும் நிர்ணயிக்கின்றன என்பதை ஆடுபவர் தம் கைகளாலேயே கற்கிறார். வீரவழிபாட்டு வரலாற்றைவிட இது ஒருபடி மேலானது.

ஆயின் இப்பொருள்முதல்வாதம் அரைகுறையானது. ரிச்சர்ட் பேர்க் ஆக்கிய ‘வட ஆபிரிக்கப் போர்த்தொடர்’ (1979) இதற்குத் தக்க சான்று. ஆடி முடிக்க ஆயிரம் மணித்தியாலத்துக்கு மேலாகும் எனப் பேர்பெற்ற இவ்விளையாட்டு, எரிபொருள் ஆவியாவதையும் கணக்கிடுகின்றது. இத்தாலியப் படையினர் பாஸ்ரா அவிப்பதற்கு மேலதிக நீர் வேண்டுமென்ற அதன் விதி, ஆடுவோரிடையே நெடுநாள் நகைப்புக்குரியதாயிருந்து வருகின்றது. ஆயின் அந்நீர் யாருடைய மண்ணின் நீர்? அப்பாலைநிலத்து மக்கள் 1930களின் தொடக்கத்தில் இத்தாலியரால் முட்கம்பி முகாம்களில் அடைக்கப்பட்டுப் பல்லாயிரக்கணக்கில் மாண்டனர். அவர்களது எதிர்ப்புக்குத் தலைமை தாங்கிய உமர் முக்தார் 1931இல் தூக்கிலிடப்பட்டார். பாலைவனப் போர் விளையாட்டுக்களிற் பெரும்பாலானவை 1940இலோ அதன் பின்னரோ, இரு ஏகாதிபத்தியங்களின் படைகள் எதிர்நிற்கும் கணத்தில், தொடங்குகின்றன. வரைபடம் வெறுமையாக இருப்பது நிலத்தின் இயல்பன்று; அது ஏற்கனவே நிகழ்ந்த ஒரு கொடுமையின் விளைவும் ஆகும். உணவுநீரின் கணக்கு எவ்வளவு நுட்பமாகின்றதோ, அவ்வளவுக்கு இவ்வெறுமை மறைந்துபோகின்றது.

அண்மைக்கால ஆக்கங்கள் சிலவற்றில் மக்கள் பலகைக்கு வந்துள்ளனர். எவ்வாறு வந்துள்ளனர் என்பதே வினா. கெடுபிடிப் போரைப் பொருளாகக் கொண்ட ‘அந்திப் போராட்டம்’ (2005) நாடுகளை ஒவ்வொரு ‘உறுதிநிலை’ எண்ணாகக் குறுக்கி, வல்லரசுகள் செல்வாக்கைப் பரப்பும் களங்களாக்குகின்றது. ஒரு நாடு வீழ்ந்தால் அயல்நாடும் வீழும் என்ற வாஷிங்டனின் கற்பிதம் அங்கே விளையாட்டின் இயற்கை விதியாகின்றது. அதனை ஆக்கியோர் இதனை அறிந்தே செய்தனர் என்பது அவர்களது நேர்மைக்குச் சான்றாகலாம். விதியின் வலிமையை அது குறைப்பதில்லை. வியட்நாம் போர் பற்றிய ‘ஏரியில் நெருப்பு’ (2014) இதனினும் மேலானது. தேசிய விடுதலை முன்னணியும் அதில் ஆடும் தரப்புக்களுள் ஒன்று; சைகோன் ஆட்சியின் ஊழலும் கணக்கில் வருகின்றது. ஆயினும் ஒவ்வொரு மாகாணத்து மக்களும் ‘ஆதரவு’, ‘எதிர்ப்பு’ எனும் அளவுகோலில் அங்குமிங்கும் நகர்த்தப்படும் எண்ணாகவே உள்ளனர். நிலத்துக்கான விவசாயியின் வேட்கை, நான்கு தரப்பாரும் ஈட்ட முயலும் புள்ளியாகிவிடுகின்றது.

இடதுசாரிகளே ஆக்கினும் உருவத்தின் இத்தடை நீங்கிவிடுவதில்லை. முதலாளித்துவக் காட்சிச் சமூகத்தைக் கடுமையாக விமர்சித்த கி டெபோர் 1965இல் தமது ‘போர் விளையாட்டு’க்குக் காப்புரிமை பெற்றார், பின்னர் 1987இல் அலிஸ் பெக்கர்-ஹோவுடன் அதனை நூலாகவும் வெளியிட்டார். 500 கட்டங்கள் கொண்ட அப்பலகையிற் பகடை இல்லை. படைக்கலக் கிடங்குடன் தொடர்பறுந்த காய் செயலிழக்கும் என்பதே அதன் ஆழ்ந்த விதி. தொடர்பே ஆற்றல் என்னும் இவ்வுண்மை போராடும் எந்த இயக்கத்துக்கும் பொருந்தும். ஆயின் அங்கும் இரு தளபதிகளே எதிரெதிரே அமர்கின்றனர்.

அவ்வாறாயின் இவ்வடிவமே மீட்சியற்றதா? அன்று எனலாம். சரயேவோ முற்றுகையின் அனுபவத்திலிருந்து உருவான கணினி விளையாட்டொன்றைத் தழுவிய ‘எனது இந்தப் போர்’ என்ற பலகை விளையாட்டு 2017இல் வெளிவந்தது. அதில் ஆடுவோர் முற்றுகைக்குட்பட்ட நகரின் குடிமக்கள். உணவும் மருந்தும் தேடுதலே அவர்களது நகர்வு; போர்நிறுத்தம் வரும்வரை உயிர்வாழ்தலே வெற்றி. இது மெய்யான போர் விளையாட்டன்று என்று கூறும் ஒருவர், படைகள் மோதுமிடத்தில் மட்டுமே போர் உண்டு என்ற பழைய வரைவிலக்கணத்தையே மீண்டும் கூறுகிறார்.

1983 முதல் 2009 வரை நீண்ட போரொன்றைப் பதுங்குகுழிக்குள்ளிருந்தும் இடம்பெயர்ந்தோர் வரிசையிலிருந்தும் அறிந்தவர்கள் நம்மிடையே பலர். மேலிருந்து வரையப்பட்ட வரைபடம் எவ்வளவு தெளிவானதோ, அவ்வளவு குறையுடையது என்பதை அவர்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. எனவே முற்போக்கு விமர்சனத்தின் கடமை இவ்விளையாட்டைத் தடைசெய்யக் கோருவதன்று. அதன் விதிநூலை வாசிப்பதாகும். ஆடுபவர் யாருடைய இருக்கையில் அமர்த்தப்படுகிறார், எண்ணப்படாதோர் யாவர் என்னும் இரு வினாக்களையும் எழுப்புமிடத்து, மேசைமீதுள்ள போர் மட்டுமன்றி, நமது பாடநூல்களிலும் நினைவுச் சின்னங்களிலும் எழுதப்பட்டுள்ள போரும் வேறொரு முகங் காட்டும்.